மண்வெட்டியால் தட்டினால் பனி என்ன சொல்லும்?

கேள்வி: குல்மார்க்கில் கொண்டோலா (கம்பிவட ஊர்தி) ஏறி, அபர்வாட் மலையில் சீரமைக்கப்படாத சரிவுகளில் ஸ்கீயிங் போகப்போகிறோம். வழிகாட்டி குழி வெட்டி, பனியை மண்வெட்டியால் தட்டிப் பார்ப்பாராமே, எதற்கு?

பதில்: பனிச்சரிவு ஆபத்தை அறியத்தான்: அடியில் நலிந்த அடுக்கு இருக்கிறதா, அதில் விழும் விரிசல் பரவுமா என்று பார்ப்பார். இறங்கப்போகும் சரிவின் அதே திசை, அதே சாய்வு உள்ள, ஆனால் ஆபத்தில்லாத சிறு மேட்டில் வெட்ட வேண்டும். குறுக்கே 90 செ.மீ., மேல்நோக்கி 30 செ.மீ. அளவில் பனித்தூண் ஒன்றைப் பிரித்தெடுப்பார்; பின்பக்கத்தை முடிச்சுக் கயிற்றால் அறுப்பார். ஒரு ஓரத்தில் மண்வெட்டித் தகட்டை வைத்து மணிக்கட்டை மடக்கி 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. விரிசல் விழுந்த தட்டிலோ அடுத்த தட்டிலோ அது மறு ஓரம்வரை ஓடிவிட்டால் அந்தச் சரிவு வேண்டாம்.

ஓடவில்லையா? அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருபது மீட்டர் தள்ளிப் போனால் பனியின் குணமே மாறியிருக்கலாம்.

குழிச் சுவரின் அடிப்பகுதியை விரலால் சுரண்டிப் பாருங்கள். கல்சர்க்கரைபோல் பொலபொலவென்று உதிர்ந்தால், பருவத் தொடக்கத்தில் மெல்லிய பனி கடுங்குளிரில் கிடந்து உருமாறிய அடுக்கு அது. மேலே ஏறும் புதுப்பனி அதன்மீது பலகைபோல் வழுக்கும்.

சாய்வுமானியும் வைத்துக்கொள்ளுங்கள். பனி இப்படிப் பலகையாகப் பெயரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள்தான் கிளம்பும். காலடியில் ‘வும்ஃப்’ என்று பனி அமுங்கும் சத்தம் கேட்டால் குழி வெட்டவே தேவையில்லை, திரும்பிவிடுங்கள்.