ஒன்பதாவது படிக்கும் மகன் எதையும் சொல்வதில்லை

காரைக்குடி சகோதரிக்கு வணக்கம். உங்கள் வீட்டுக்காரர் தினமும் மகனின் போனை வாங்கிச் சோதிக்கிறார், அப்பத்தா அவருக்குத் தெரியாமல் காசு கொடுக்கிறார், பையன் வாயே திறப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் அந்தச் சோதனையை நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்டாட்டின், கெர் என்ற இருவர் ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. பெற்றோருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி பிள்ளைகள் தாங்களாகவே சொன்னதுதான். துருவித் துருவிக் கேட்டதால் தெரிந்தது குறைவு.

அதற்காகக் கட்டுப்பாடே வேண்டாம் என்றில்லை. இரவு 10 மணிக்கு எல்லார் போனும், அப்பாவுடையதும் சேர்த்து, வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், ஒரே இடத்தில் இருக்கட்டும். ஏன் என்று அவனுக்குச் சொல்லுங்கள், அவன் பேச்சையும் கேளுங்கள். அப்பத்தாவிடம் சண்டை வேண்டாம், பாவம். காசு கொடுப்பதை மட்டும் உங்களிடம் சொல்லிவிட்டுக் கொடுக்கட்டும்.