ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் ஒன்பது ஆண்டுகளாக ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். ஆட்குறைப்பாம். “ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு மரியாதையாகப் போய்விடுங்கள்” என்கிறார் மேலாளர். மாதக் கடைசி வரை கெடு. நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அவரைக் கேட்டுவிட்டு, சாவியை எறிந்துவிட்டு வந்துவிடலாம் போலிருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பத்தமடையில் மதினி மகள் கல்யாணம் வருகிறது. அங்கே எந்த முகத்தோடு போவேன்?
– வாசகர், வீரவநல்லூர்

பதில்: தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால், நீங்கள் கத்துவதைவிட அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட மறுப்பதுதான் அவர்களுக்கு உறைக்கும். நீங்களாக விலகினால் நிர்வாகத்துக்குச் செலவு மிச்சம். அவர்களாக ஆட்குறைப்புச் செய்தால், ஓராண்டாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு குறைந்தது ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தர வேண்டும். அதோடு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு.

“நீங்கள் சூப்பர்வைசர், உங்களுக்கு இதெல்லாம் கிடையாது” என்று சொல்லிப் பார்ப்பார்கள். பதவிப் பெயரை மட்டும் வைத்து அது முடிவாவதில்லை; உண்மையில் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதையும் சட்டம் பார்க்கும். நியமன உத்தரவையும் சம்பளச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு, கெடு முடிவதற்குள் திருநெல்வேலியில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) தனி. ஐந்தாண்டு முடித்தவர் ராஜினாமா செய்தாலும் அது உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,000 ரூபாய் என்று வையுங்கள். அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஒன்பது ஆண்டுக்குப் போட்டால் ஏறத்தாழ 93,460 ரூபாய் வருகிறது.

பி.எஃப். விஷயத்தில்தான் எனக்கு உங்களை நினைத்துப் பயம். வேலை போன கையோடு எல்லாவற்றையும் எடுத்துவிடத் தோன்றும். மாத ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணி வேண்டும். நீங்கள் ஒன்பதில் நிற்கிறீர்கள். ஓய்வூதியப் பங்கையும் வாங்கிவிட்டால் இந்த ஒன்பது ஆண்டும் கணக்கிலிருந்து போய்விடும். அதைத் தொடாதீர்கள். அடுத்த இடத்தில் அதே யுஏஎன் எண்ணை (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்ணை) கொடுத்துக் கணக்கை மாற்றிக்கொண்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நீங்கள் விலகிய தேதியை மில் பதிவுசெய்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவியை எறியவே கூடாது. பேரிங், பெல்ட், ரிங் டிராவலர் என்று உதிரிபாகங்களை ரேக் ரேக்காக எண்ணி, பின் கார்டில் (ஒவ்வொரு பொருளின் இருப்பையும் எழுதிவைக்கும் அட்டையில்) இருப்பதோடு ஒத்துப்பார்த்து, இரண்டு பிரதி எழுதுங்கள். பொறுப்பேற்பவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு பெட்டி டிராவலர் குறைந்தால், இல்லாதவர் தலையில்தான் பழி விழும். அனுபவச் சான்றிதழும் அந்த மேலாளரிடம்தான் வாங்க வேண்டும். அடுத்த முதலாளி உங்களைப் பற்றி விசாரிக்கப் போன் போடுவதும் அவருக்குத்தான். அவரிடம் அளந்து பேசுங்கள்.

இன்று ராத்திரியே மனைவியிடம் சொல்லுங்கள். மாதச் செலவு, கடன் தவணை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதுங்கள். வெளியில் யாரோ சொல்லி அவர் தெரிந்துகொண்டால், வேலை போனதைவிட நீங்கள் மறைத்ததுதான் அவருக்கு அதிகம் வலிக்கும்.

கல்யாணத்துக்குக் கட்டாயம் போங்கள். நம் பக்கத்தில் பாதி வேலை சொந்தக்காரர் வாய்வழியாகத்தான் வருகிறது. பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவரின் மருமகன் கங்கைகொண்டான் சிப்காட்டிலோ பேட்டை தொழிற்பேட்டையிலோ இருக்கலாம். ஸ்டோர்ஸுக்கு ஆள் தேவைப்படாத தொழிற்சாலை ஏது? கேட்பவரிடம், “மில்லில் ஆள் குறைக்கிறார்கள், மாதக் கடைசியோடு முடிகிறது. ஒன்பது வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்திருக்கிறேன், எங்கேயாவது இருந்தால் சொல்லுங்கள்” என்று சொல்லி, உங்கள் போன் எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.