முதலில் பிசைய எந்த மண்?

கேள்வி: வீட்டிலேயே மண்பாண்டம் செய்து பழக ஆசை. சக்கரமும் இல்லை, சூளையும் இல்லை. காற்றில் காயும் களிமண்ணை வாங்கலாமா, ஏரி மண்ணே போதுமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: காற்றில் காயும் களிமண் பொம்மைக்கும் பேனா ஸ்டாண்டுக்கும் சரி. ஆனால் அது வேகாத மண், தண்ணீர் பட்டால் இளகும், அதில் குழம்பு ஊற்றும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். என் ஓட்டு டெரகோட்டாவுக்குத்தான், அதாவது சுட்டால் சிவக்கும் நம்மூர்க் களிமண்ணுக்கு. 1000 டிகிரி செல்சியஸையொட்டியே வெந்துவிடும். ஸ்டோன்வேர், அதாவது சுட்டால் கல்போல் இறுகும் களிமண், 1200-க்கு மேல் கேட்கும், அதை அப்புறம் பார்க்கலாம்.

பக்கத்தில் குயவர் இருந்தால் அவர் பிசைந்து வைத்த மண்ணையே கேட்டு வாங்குங்கள். கல், வேரெல்லாம் நீக்கி, அளவாக மணலும் கலந்திருப்பார், அப்படியே அவர் சூளையில் உங்கள் கிண்ணத்துக்கும் ஓர் இடம் கேட்டுவிடலாம். ஏரி மண்தான் என்றால், பென்சில் பருமனுக்குத் திரித்து விரலில் சுற்றிப் பாருங்கள். விரிசல் விட்டால் அதில் பசை போதாது, வேறு மண் தேடுங்கள். நன்றாக வளைந்து, காயும்போது மட்டும் வெடிக்கிறதா? கொஞ்சம் நுண்மணல் சேருங்கள், நிழலில் மெதுவாகக் காயவிடுங்கள். சக்கரம் இல்லையே என்று கவலை வேண்டாம், மண்ணைத் திரியாக உருட்டி, அடுக்கடுக்காகச் சுற்றியே கிண்ணம் எழுப்பலாம்.