மோப்ப நாய் வாசலில் நின்றால் குற்றவாளியா?

கேள்வி: எதிர் வீட்டில் நகை திருடு போனது. மோப்ப நாய் எங்கள் வாசலில் வந்து நின்றதாம். அன்றிலிருந்து என் தம்பியைத் தினமும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, இரவு வரை உட்கார வைக்கிறார்கள். "நாய் பொய் சொல்லாது" என்கிறார் எஸ்.ஐ. தெருவில் தலைகாட்ட முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: சகோதரி, பயப்படாதீர்கள். நாய் வந்து நின்றதை மட்டும் வைத்து உங்கள் தம்பியைத் தண்டிக்க முடியாது. 1969-லேயே அப்துல் ரஜாக் தபேதார் வழக்கில், மோப்ப நாய் சாட்சியத்துக்குப் பெரிய எடை இல்லை என்றது உச்ச நீதிமன்றம். நாயைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது; கூட வந்த காவலர் புரிந்துகொண்டதுதான் சாட்சியமாக வருகிறது. 2008-ல் தினேஷ் போர்தாகுர் வழக்கில் இன்னும் தெளிவாகவே சொன்னார்கள்: துப்பு துலக்க நாயைப் பயன்படுத்தலாம், குற்றத்தை நிரூபிக்க அல்ல.

திருட்டு நடந்த வீட்டுக்குள் அக்கம்பக்கத்தார் எல்லோரும் போய் எட்டிப் பார்த்திருப்பார்கள். உங்கள் தம்பியும் போயிருந்தால் அவர் வாசனையும் அங்கே இருக்கத்தானே செய்யும்? 'நாய் சிறிது தூரம் ஓடி நின்றது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை' என்று தினமும் செய்தித்தாளில் படிக்கிறோம். அப்படி நின்ற இடத்தில் ஒரு வீடு இருந்தால் அந்தக் குடும்பத்தின் மானமே போகிறது. இது அநியாயம்.

சரி, இனி வாய்வார்த்தையாகக் கூப்பிட்டால் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் கேளுங்கள். சந்தேக நபராக விசாரிப்பதென்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 35(3) பிரிவின்கீழ் நோட்டீஸ் தர வேண்டும். ஒரு வழக்கறிஞரோடு போங்கள். கைது செய்யாமல் உட்கார வைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. தொடர்ந்தால் நடந்ததைத் தேதி, நேரத்தோடு எழுதி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அப்புறம், தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். நாய்க்கு எந்தப் பொருளை மோப்பம் காட்டினார்கள், யார் பிடித்து வந்தார், அவர் எழுதிய அறிக்கை, நாயின் பயிற்சிப் பதிவேடு எல்லாவற்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். விசாரணை நடக்கிறது என்று மட்டும் சொல்லி மறுக்க முடியாது. தகவல் கொடுத்தால் விசாரணை எப்படித் தடைபடும் என்று விளக்க வேண்டும் என 2007-ல் பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

2024 ஜூலை முதல், வீட்டைச் சோதனை போட்டால் வீடியோ எடுப்பது கட்டாயம். நாயை ஓடவிடும்போதும் அதைக் கட்டாயமாக்க வேண்டும். ஒவ்வொரு நாயும் எத்தனை முறை தவறான இடத்தில் நின்றது என்ற கணக்கும் வெளியே வர வேண்டும். உங்கள் மனுவில் அந்தக் கணக்கையும் ஒரு கேள்வியாகச் சேர்த்துவிடுங்கள்.