வயதான குதிரையின் முதுகில் சதை பிடிக்க என்ன தீவனம் கொடுக்கலாம்?

கேள்வி: எங்கள் ஆண் குதிரைக்கு வயது இருபதுக்குக் குறையாது. வைக்கோல், கோ-4 புல், கோதுமைத் தவிடு கொடுக்கிறோம். வயிறு நிறைந்திருக்கிறது, முதுகெலும்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. கறவை மாட்டுத் தீவனம் ஒரு மூட்டை வாங்கிப் போட்டு, இரண்டு ஊசியும் போட்டால் ஒரே மாதத்தில் தேறிவிடும் என்கிறார் எங்கள் தரகர். செய்யலாமா? - வாசகர், பென்னாகரம்

பதில்: இரண்டுமே வேண்டாம். மாடு, கோழித் தீவனங்கள் சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்தைச் சேர்க்கிறார்கள். மாடு தாங்கும் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. மூட்டையில் தைத்திருக்கும் சீட்டில் புரதமும் நார்ச்சத்தும் பெரிதாக அச்சாகியிருக்க, எந்த மருந்து சேர்ந்திருக்கிறது என்பதை ஒரு விவசாயி படித்துப் புரிந்துகொள்ளும்படி போடுவதற்கு இன்றுவரை யாருக்கும் மனம் வரவில்லை. ஆகவே "பக்கத்து ஊர்க் குதிரை தின்கிறதே" என்ற பேச்சை நம்பி அந்த மூட்டையை லாயத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

பெயர் சொல்லாமல் போடப்படும் ஊசியும் அப்படித்தான். அது ஸ்டீராய்டாக இருந்தால் சில வாரம் குதிரை சுறுசுறுப்பாகத் தெரியும். தரகருக்கு ஆடி மாதச் சந்தை வரை அது போதும். அதன் பிறகு குளம்பு வெந்து குதிரை நிற்க முடியாமல் தவிக்கும்போது, தரகரின் கைப்பேசி அணைந்திருக்கும். குப்பியின் பெயரைக் காட்டாத எவரையும் உங்கள் குதிரையின் கழுத்தில் ஊசி குத்த விடாதீர்கள்.

தீவனத்தை மாற்றுவதற்கு முன்பு தொட்டியின் அடியைப் பாருங்கள். பாதி மென்று, எச்சிலில் நனைந்து உருண்டையாக விழுந்த புல் அங்கே கிடந்தாலும், சாணத்தில் விரல் நீளத்துக்கு நார் தெரிந்தாலும், குதிரையால் மெல்ல முடியவில்லை என்று பொருள். கடைவாய்ப் பற்களின் ஓரம் கத்தி முனையாகக் கூர்ந்து கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். அதை அராவிவிட்டால் பல குதிரைகள் பழைய தீவனத்திலேயே தேறுகின்றன. நம் பகுதி கால்நடை மருந்தகங்களில் பசுவுக்குச் சினை ஊசி போட வசதி இருக்கிறது, குதிரைப் பல் அராவ ஓர் அரம் கிடைப்பதில்லை. குதிரை என்றதும் கையை விரிக்கும் இந்த நிலை மாற வேண்டும் என்று எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை. சிரமம் பாராமல் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். குடற்புழு நீக்கத்தையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது கொடுப்பதில் என்ன குறை? வைக்கோல் வயிற்றை நிரப்பும், சதையைக் கட்டாது. கோ-4 புல்லில் உள்ள ஆக்சலேட் என்ற உப்பு சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் இரைப்பை அதைச் சமாளிக்கும், குதிரையால் முடியாது. தவிட்டிலோ பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்பு மிகக் குறைவு. இரண்டையும் சேர்த்து நெடுநாள் கொடுத்தால் எலும்பு கரைந்து முகம் வீங்கும்.

முதலில் எடையைக் கணக்கிடுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரை நீளம், இரண்டையும் செ.மீ. கணக்கில் எடுத்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 160, நீளம் 145 என்றால் சுமார் 312 கிலோ. அந்த எடைக்கு நாளொன்றுக்கு 6 கிலோ உலர்ந்த தீவனம் வேண்டும். நம் மாவட்டத்தில் மலிவாகக் கிடைக்கும் கேழ்வரகுத் தாளும், மண் உதறிய, பூஞ்சை பிடிக்காத கடலைக்கொடியும் வைக்கோலைவிட எவ்வளவோ மேல். குதிரை மசால் (லூசர்ன்) என்ற பசுந்தீவனம் பயிரிட ஒரு சிறு பாத்தி ஒதுக்க முடிந்தால், கோ-4 புல்லை அடியோடு நிறுத்திவிடலாம்.

சதைக்குப் புரதம் வேண்டும். அரைக் கிலோ கொள்ளை இரவு ஊறவைத்து, நன்றாக வேகவைத்து, காலையும் மாலையும் பிரித்துக் கொடுங்கள். அதோடு 200 கிராம் சோயா புண்ணாக்கு. கடலைப் புண்ணாக்கில் புரதம் இருந்தாலும் சதை கட்டத் தேவையான பகுதி குறைவு, பூஞ்சை நஞ்சும் எளிதில் ஏறும். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது மனிதருக்குச் சொன்னது. இளைத்த குதிரைக்கு வெந்த கொள்ளு நன்றாகவே ஒத்துக்கொள்ளும். தீவனத்தில் சமையல் எண்ணெயை 30 மி.லி.யில் தொடங்கி மூன்று வாரத்தில் 150 மி.லி. வரை ஏற்றலாம். எந்த மாற்றத்தையும் பத்து நாளில் மெல்ல மெல்லச் செய்யாவிட்டால் வயிற்றுவலி வரும்.

இதில் ஒரு விலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலிலும் உங்கள் குதிரையின் முடி உதிராமல் நீண்டு சுருண்டிருக்கிறதா? வயிறு தொங்கி, தண்ணீர் அதிகம் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழிக்கிறதா? அப்படியானால் மூளையின் அடியிலுள்ள சுரப்பி கெட்டு, அதனால் முதுகுச் சதை கரையும் நோயாக இருக்கலாம். எவ்வளவு நல்ல தீவனமும் மருந்தின்றி அதைத் தேற்றாது. வெல்லம், மக்காச்சோளம், அரிசிக் கஞ்சி ஆகியவை குளம்பு நோயை இழுத்துவரும். முடியின் நீளத்தைப் பார்த்துவிட்டு, கொள்ளை அடுப்பில் ஏற்றும் முன்பே இரத்தப் பரிசோதனைக்குக் கேளுங்கள். முடி நீண்ட குதிரையை "செழிப்பு" என்று விற்பவர்களும் உண்டு.

நோயில்லை என்று தெரிந்தால் குதிரையைக் கட்டியே வைக்காதீர்கள். தினமும் அரை மணி நேரம், தலையைத் தாழ்த்தி நடக்கும்படி லகானைத் தளர்த்தி, இலேசான ஏற்றத்தில் நடத்துங்கள். வேலை செய்யாத முதுகில் புரதம் சதையாகாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் டேப்பை வைத்துச் சுற்றளவை எழுதி வையுங்கள். இரண்டு மாதமாகியும் எண் ஏறவில்லை என்றால் அந்தத் தாளை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.