செய்தியைத் தனியாக உட்கார்ந்து பார்க்காதீர்கள்

போர், விலைவாசி, புயல் என்று உலகம் போகிற போக்கில் தூக்கம் வருவதில்லை, செய்தி பார்ப்பதையும் விட முடியவில்லை, மனசை எப்படி ஆற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்தியே பார்க்காதீர்கள் என்று சொல்ல நிறையப் பேர் வருவார்கள். இலங்கையில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எனக்கு அது சரிவராது. இங்கே பறிக்கிற கொழுந்து ஈராக்குக்கும் ரஷ்யாவுக்கும் போகிறது. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க் கடனைத் தேயிலை கொடுத்துக் கழிக்க 2021-இல் ஒப்பந்தம் போட்ட நாடு இது. போதாததற்கு, எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பல வீடுகளில் யாராவது ஒருவர் வளைகுடாவில் வேலை செய்கிறார்.

என் சித்தி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். அந்தப் பக்கம் சண்டை மூண்டதாகச் செய்தி வந்த இரவு, போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடிந்ததும் அம்மா சித்திக்குப் போன் எடுத்தார். சித்தி சொன்னது இதுதான்: "இங்க கடையெல்லாம் திறந்துதான் கெடக்கு அக்கா. சின்னவன் டியூசனுக்குக் காசு போட்டேனே, வந்துச்சா?" அம்மா சிரித்துவிட்டார். இராத்திரி முழுக்க நான் தேடிய தகவல் அந்த ஒரு நிமிடத்தில் கிடைத்துவிட்டது. இப்போது படுக்கும்போது போன் குசினியில்தான் சார்ஜ் ஆகிறது.

செய்தி கேட்பது மாலையில், தொங்கல் காம்பராவில், அதாவது லயத்தின் கடைசி அறையில், இருக்கும் தாத்தா வீட்டில். டிவியில் ஒரு வரி வாசிப்பதற்குள் தாத்தா பத்து வரி ஏசிவிடுவார். பக்கத்து வீட்டு மாமி போஞ்சிக்கு நார் உரித்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் ஏதோ மாநாட்டில் தலைவர்கள் வரிசையாகக் கைகுலுக்குவதைக் காட்டினார்கள். "இவனுங்களையெல்லாம் நம்ம கொழுந்துத் தராசுல ஏத்தி, தண்ணிக்கின்னு நாலு கிலோ கழிக்கணும்" என்றார் மாமி. கொழுந்து ஈரம் என்று நிறுவையில் கிலோ வெட்டுப்பட்டவர்களுக்கு அதன் ருசி தெரியும். போர் அதனால் நிற்கப்போவதில்லை, சரி. ஆனால் நாலு பேர் நடுவில் கேட்ட கெட்ட செய்தி இராத்திரி என்னோடு படுக்க வருவதில்லை.

தியானம், யோகா எல்லாம் நல்லதுதான். இரண்டு காம்பராவில் ஏழு பேர் இருக்கும் வீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்தால், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

மழை பயம் மட்டும் வேறு. 2014-இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்களே மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டதையும் பார்த்தவர்களிடம் "கவலைப்படாதே" என்று சொல்வது அபத்தம். அந்தப் பயத்துக்கு வேலை கொடுத்துவிட வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறத்தில் விடுகிறது: மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயார், சிவப்பு என்றால் வெளியேறு. அடைமழை நாளில் நான் பார்ப்பது அதைத்தான். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், தாத்தாவின் பிரஷர் மாத்திரை எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் கட்டி, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. பையைக் கட்டி வைத்த பிறகு அம்மா மழைச் சத்தத்துக்கு எழுந்து உட்காருவது குறைந்திருக்கிறது.

இதெல்லாம் செய்தும் வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் இலங்கையில் 1926-க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. இருபத்துநான்கு மணிநேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். வீட்டில் எல்லோர் முன்னாலும் பேசக் கூச்சமாக இருந்தால், பீலியடிக்கு, அதாவது லயத்தார் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு, தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் போனை எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.