ஹெல் லெட் லூஸில் முன்பின் அறியாத வீரர்களைத் தலைவராக எப்படி ஒருங்கிணைப்பது?

பக்கத்துக்கு 50 பேர் மோதும் இந்த இரண்டாம் உலகப் போர் ஆன்லைன் வீடியோ விளையாட்டில், உங்கள் காலாட்படைக் குழுவில் உங்களையும் சேர்த்து ஆறு பேர்தான். துப்பாக்கியை மறந்துவிட்டு முதலில் இறந்தவர் மீண்டும் களத்துக்கு வரும் இடமான அவுட்போஸ்ட்டை அமையுங்கள். இறந்தவர் நெடுந்தூரம் ஓடிவர நேர்ந்தால் எவ்வளவு நல்ல குழுவும் கலைந்துவிடும். அவுட்போஸ்ட் உங்கள் குழுவுக்கு மட்டுமே. அதேபோல் மீண்டும் களத்துக்கு வர உதவும் கேரிசன், அணி முழுவதற்கும் பயன்படும். கேரிசன் அமைக்கச் சப்ளை தேவை என்பதால், அதைக் கொண்டுவரும் சப்போர்ட் வீரரை எப்போதும் அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு குரல். "எல்லோரும் முன்னேறுங்கள்" என்றால் ஒருவரும் அசையமாட்டார். வரைபடத்தில் இடத்தைக் குறித்து, "மெஷின் கன்னர், அந்த வேலியோரம் படுத்து எங்களுக்குக் காப்பு கொடுங்கள்" என்று ஆளைச் சுட்டிக் கேளுங்கள். செய்தவுடன் பாராட்டுங்கள், புதியவரைத் திட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். மற்றக் குழுத் தலைவர்களுடன் பேசும் அலைவரிசை உங்கள் குழுவில் உங்களுக்கு மட்டுமே கேட்கும். அங்கே வரும் செய்தியைச் சுருக்கி, உடனே குழுவிடம் சொல்லுங்கள்.